பூட்டான்: ஒரு ராத்திரிக்கு 1,200 ரூபாய் கட்டிவிட்டுப் போகத்தான் வேண்டுமா?

வாசகர் கேள்வி, 2024 பிப்ரவரி 4

என் சித்தப்பா 2017-இல் பூட்டான் போய்வந்தவர். "எல்லையில் ஓட்டர் ஐடியைக் காட்டினேன், பெர்மிட் கொடுத்தார்கள், அவ்வளவுதான், ஒரு பைசா வாங்கவில்லை" என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்போது விசாரித்தால் ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 1,200 ரூபாய் கட்டவேண்டுமாம். ஓட்டல், வண்டி, சாப்பாடு எல்லாம் அதற்கு மேல். அந்த ஊரில் தூங்கி எழுந்ததற்கே வரி! பணம் படைத்தவர் மட்டும் வாருங்கள் என்பதுதானே இதற்கு அர்த்தம்? யாராவது இதைக் கட்டிவிட்டுப் போகிறீர்களா, இல்லை வேறு மலையைப் பார்த்துக் கிளம்பிவிட்டீர்களா?

பிப்ரவரி 5

நாங்கள் போகிறோம். நவம்பரில். அம்மா, அக்கா, நான், என் எட்டு வயது மகன்.

சித்தப்பா சொன்னது நிஜம்தான். இந்தியர், வங்கதேசத்தவர், மாலத்தீவுக்காரர் மூன்று பேருக்கும் அப்போது எதுவும் கிடையாது. 2020-இல் சட்டம் போட்டார்கள், அதற்குள் கோவிட் வந்து நாட்டையே மூடிவிட்டார்கள். 2022 செப்டம்பர் 23-இல் திறந்தபோது கட்டணமும் சேர்ந்து வந்தது. 'சஸ்டெய்னபிள் டெவலப்மென்ட் ஃபீ' என்று பெயர், எல்லாரும் எஸ்டிஎஃப் என்பார்கள். இந்தியர்களில் பெரியவர்களுக்கு 1,200, குழந்தைகளுக்குப் பாதி, ஐந்து வயதுக்குக் கீழே இலவசம்.

ஆனால் "பணம் படைத்தவர் மட்டும் வாருங்கள்" என்று கதவைச் சாத்திவிட்டார்கள் என்றால் எப்போது திறந்துவைத்திருந்தார்கள் என்று கேட்கவேண்டும். வெளிநாட்டுப் பயணிகளை முதன்முதலாக விட்டதே 1974-இல். நான்காவது அரசர் முடிசூட்டிக்கொண்ட வருஷம். அந்த வருஷம் வந்தவர்கள் மொத்தம் 287 பேர். ஒரு கல்யாண மண்டபத்தில்கூட அதைவிட அதிகம் பேர் சாப்பிடுவார்கள். அப்புறம் பல வருஷங்கள் நாளுக்கு 200, 250 டாலர் என்று குறைந்தபட்சத் தொகுப்பு இருந்தது. ஓட்டல், சாப்பாடு, வழிகாட்டி எல்லாம் அதற்குள் அடக்கம், அரசாங்கத்துக்கு அதில் 65 டாலர். நமக்குத்தான் அந்தத் தொல்லை இல்லாமல் இருந்தது.

பிப்ரவரி 5, ராத்திரி

காலையில் எழுதியதில் ஒரு தப்பு. ஐந்து வயதுக் குழந்தைக்கும் கட்டணம் இல்லை. ஆறிலிருந்து பன்னிரண்டுக்குள் இருந்தால் பாதி. ஒரு வயசுதானே என்று விடமுடியாது, ஒரு வாரத்துக்கு 4,200 ரூபாய்.

பிப்ரவரி 11

கணக்கு கேட்டிருந்தீர்கள். நான் முதலில் செய்த தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நாட்களை எண்ணினேன். எண்ணவேண்டியது ராத்திரிகளை. எட்டாம் தேதி இறங்கி 15-ஆம் தேதி கிளம்பினால் நாள் எட்டு, ராத்திரி ஏழு. அம்மாவுக்கும் எனக்கும் தலைக்கு 8,400, மகனுக்கு 4,200, ஆக மூவருக்கும் 21,000. முதலில் போட்ட திட்டத்தில் பத்து ராத்திரி இருந்தது, நடுவில் பும்தாங் பள்ளத்தாக்கு வேறு. அதை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு ராத்திரிக்கும் எதிரே 3,000 என்று போட்டுக்கொண்டே வந்தேன். ஆறாவது ராத்திரிக்கு எதிரே போடும்போது கை நின்றது. ஏனென்றால் அந்த ராத்திரியில் நான் பார்க்கப்போவது ஒன்றுமில்லை. பும்தாங் போகும் வழியில் ஏதோ ஓர் ஊரில் அசந்து தூங்கப்போகிறேன். அதற்கு 3,000.

வேறு எந்தப் பயணத்திலும் இப்படி ராத்திரிகளை நிறுத்துப் பார்த்ததில்லை. "இன்னும் ஒரு நாள் இருந்துவிட்டு வரலாமே" என்று சும்மா சேர்ப்பதுதான் வழக்கம். இங்கே ஒவ்வொரு ராத்திரியும் நேர்முகத் தேர்வுக்கு வந்து நிற்கிறது.

பிப்ரவரி 12

ஒருவர் "அப்போ ராத்திரி தூங்காமல் இருந்தால் கட்டணம் இல்லையா" என்று கேட்டிருந்தார். என் மகனும் இதையேதான் கேட்டான். அவனுக்கு எட்டு வயது.

மார்ச் 3

இப்போது அக்காவின் கதை. அக்கா அமெரிக்கக் குடியுரிமை வாங்கிப் பல வருஷம் ஆகிறது. ஓசிஐ அட்டை, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய நம்மவர்களுக்கு இந்தியா தரும் அட்டை, வைத்திருக்கிறாள், அதனால் தானும் 1,200 ரூபாய்க்காரிதான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இல்லை. பூட்டான் பார்ப்பது எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பதை மட்டும்தான். ஓசிஐ இந்தியாவுக்குள் செல்லும், அங்கே அதற்கு மதிப்பில்லை. கிரீன் கார்டு வைத்திருக்கும் இந்தியராக இருந்தால் கவலையில்லை, பாஸ்போர்ட் நம்முடையதுதானே.

ஆக அக்காவுக்கு ராத்திரிக்கு 100 டாலர். ஏழு ராத்திரிக்கு 700, விசாவுக்கு 40. நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து கட்டுவதைப்போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு, அவள் ஒருத்தி. இதுவும் தள்ளுபடி விலை. 2022-இல் திறந்தபோது 200 டாலர் என்று வைத்தார்கள். தொகுப்பை எடுத்துவிட்டு வெறும் கட்டணமே 200, ஓட்டல் தனி. ஆள் வரவில்லை. 2023 செப்டம்பரில் பாதியாகக் குறைத்தார்கள், 2027 ஆகஸ்ட் கடைசிவரை இதுதான் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"நான் பேசாமல் அம்மாவின் பெட்டியில் உட்கார்ந்துகொண்டு வருகிறேன்" என்றாள் அக்கா.

ஏப்ரல் 21

அடையாள அட்டை விஷயம். தேர்தல் வந்ததால் வீட்டில் எல்லாருடைய வாக்காளர் அட்டையும் மேஜைமேல் கிடக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

இந்தியருக்கு பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை, இரண்டில் ஒன்று. பாஸ்போர்ட் என்றால் ஆறு மாதமாவது செல்லுபடி மீதி இருக்கவேண்டும். ஆதார் செல்லாது. இதைப் பத்து தரம் சொல்லலாம். பான் அட்டை, ஓட்டுநர் உரிமம் எதுவும் செல்லாது. சின்னப் பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழ், அதுவும் ஆங்கிலத்தில் இருக்கவேண்டும், கூட அப்பாவோ அம்மாவோ இருக்கவேண்டும்.

நம்மவர்களுக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது. இனிஷியல். அம்மாவின் பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டது, அதனால் வாக்காளர் அட்டையில்தான் வருகிறாள். அட்டையில் வெறும் பெயர். இனிஷியல் இல்லை. ஆதாரில் அப்பாவின் பெயர் முழுசாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது. விமான டிக்கெட் போடும் பக்கமோ 'குடும்பப் பெயர்' கொடுக்காமல் நகரமாட்டேன் என்கிறது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? நான் ஆதாரைப் பார்த்து நிரப்பிவிட்டேன். மறுநாள் காலை காபி குடிக்கும்போதுதான் உறைத்தது, காட்டப்போகும் அட்டையில் அந்தப் பெயரே இல்லை என்று. மாற்றித்தர ஒரு தொகை வாங்கிக்கொண்டார்கள். என் தப்பு, கட்டினேன்.

எந்த அட்டையைக் காட்டப்போகிறீர்களோ அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். எழுத்துக்கு எழுத்து.

ஜூன் 9

சொந்தக் காரில் போகலாமா என்ற கேள்விக்கு: போகலாம், வண்டிக்கு நாளொன்றுக்கு 4,500. எஸ்டிஎஃப் தனி. கணக்குப் போட்டால் அங்கேயே வண்டி எடுத்துக்கொள்வது மேல். ஓட்டும் ஆசைக்காகப் போகிறவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

ஜூன் 30

திட்டம் ஒருவழியாகப் படிந்துவிட்டது. பும்தாங்கை வெட்டிவிட்டேன். மனசு வரவில்லை, ஆனால் புனாகாவிலிருந்து ஒரு முழுப் பகல் வண்டியிலேயே போய்விடும், திரும்ப இன்னொரு பகல். அம்மாவின் முதுகு அதற்குச் சம்மதிக்காது.

இப்போது இருப்பது: திம்பு 2, போப்ஜிக்கா 2, புனாகா 1, பாரோ 2. போப்ஜிக்காவுக்கு இரண்டு ராத்திரியா என்று ஏஜென்ட் போனில் சிரித்தார். "அங்கே பார்க்க ஒன்றும் இல்லை மேடம், ஒரு பள்ளத்தாக்குதான்." அந்தப் பள்ளத்தாக்குக்குத்தான் போகிறேன். அக்டோபர் கடைசியில் திபெத்திலிருந்து கருங்கழுத்துக் கொக்குகள் அங்கே வரும், பிப்ரவரிவாக்கில் திரும்பும். நவம்பர் 11-இல் காங்டே மடத்து முற்றத்தில் கொக்குத் திருவிழா. அன்றைக்குத்தான் நான்காவது அரசரின் பிறந்தநாளும், அரசு விடுமுறை. ஓட்டல் சீக்கிரம் நிரம்பும் என்பதால் முதலில் அதைப் பிடித்துவிட்டு மற்றதைச் சுற்றிக் கட்டினேன்.

ஜூலை 2

"பும்தாங்குக்கு விமானம் இருக்கிறதே" என்று ஒருவர் திருத்தியிருக்கிறார். இருக்கிறது. பாரோவிலிருந்து சின்ன விமானம். வானிலை சரியில்லை என்றால் அங்கேயே மாட்டிக்கொள்வோம், மாட்டிக்கொண்ட ராத்திரிக்கும் கட்டணம் உண்டே என்று பயந்துதான் தொடவில்லை. பயந்தாங்கொள்ளி என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் 18

பெர்மிட்டுக்கு ஆன்லைனில் விண்ணப்பித்தாயிற்று. புன்ட்ஷோலிங் வழியாகத் தரைமார்க்கம் போகிறவர்கள் எல்லையிலேயே வாங்கலாம், ஹாசிமாரா ரயில் நிலையத்தில் இறங்கி ஜெய்காவ்ன் போய், அந்த அலங்கார வாயிலைத் தாண்டினால் பூட்டான். நாங்கள் பறக்கிறோம், அக்காவுக்கு விசா வேறு வேண்டும், அதனால் முன்கூட்டியே.

கேட்டவை: அட்டையின் நகல், புகைப்படம், பயணத் திட்டம், தங்குமிடம். அப்புறம் பணம். பணம் கட்டும் இடத்தில் என் கார்டு மூன்று முறை மறுத்துவிட்டது. வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு நான் அனுமதியே போட்டுவைக்கவில்லை. அதை நிமிர்த்த ஒரு மணிநேரம்.

மகனுடைய போட்டோவில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தேன். அனுப்பவில்லை.

செப்டம்பர் 15

வழிகாட்டி கட்டாயமா? இந்த விதி 2022-இலிருந்து இறுக்குவதும் தளர்த்துவதுமாகவே இருக்கிறது. போன வருஷம் போனவர் சொல்வதை நம்பாதீர்கள், நான் இன்றைக்கு எழுதுவதையும் அடுத்த வருஷம் நம்பாதீர்கள், கிளம்பும் மாதத்தில் அவர்களுடைய அரசுப் பக்கத்தில் பாருங்கள். திம்பு, பாரோ தாண்டிப் போவதால் நாங்கள் எல்லா நாளுக்கும் ஒருவரை வைத்துக்கொண்டுவிட்டோம். எனக்குப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடச் சுற்றுலா மாதிரி, ஒருவர் முன்னால் நடக்க நாம் வரிசையாகப் பின்னால் போவது. எட்டு நாள் ஒரு அந்நியரோடு ஒரே வண்டியில்! மூன்றாம் நாள் சண்டை வந்தால்?

அக்டோபர் 20

பெட்டி கட்டும் நேரம். உபயோகமானதை மட்டும் எழுதுகிறேன்.

பணம்: பூட்டான் பணமான நுல்ட்ரமும் நம் ரூபாயும் ஒன்றுக்கு ஒன்று, ரூபாய் அங்கே எல்லா இடத்திலும் செல்லும். நூறு ரூபாயும் அதற்குக் கீழேயும் எவ்வளவு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். 200, 500 தாள்கள் என்றால் சேர்த்து 25,000 வரைதான், இது ரிசர்வ் வங்கி விதி. நம் யுபிஐ 2021 ஜூலையிலிருந்து அங்கே இருக்கிறது. மிச்சமாகும் நுல்ட்ரம் நோட்டை எல்லையோர ஊர்களைத் தாண்டி இங்கே யாரும் வாங்கமாட்டார்கள், செலவழித்துவிட்டு வாருங்கள்.

உடை: ட்ஸோங் என்கிற கோட்டை மடங்களுக்குள் அரைக்கால் சட்டை கூடாது, கை மூடிய சட்டை, தொப்பியைக் கழற்றவேண்டும். கோயிலுக்குள் படம் எடுக்கக்கூடாது. அம்மா புடவையில் வருகிறாள், உள்ளே கம்பளிப் பேன்ட். எந்த விதியாலும் அவளைத் தொடமுடியாது.

சிகரெட்: முன்பு விற்பனையே தடை. 2021-இல் எடுத்துவிட்டார்கள். பொது இடத்தில் பிடிக்கக்கூடாது என்பது அப்படியேதான் இருக்கிறது. இது என் குடும்பத்துக்குத் தேவையில்லாத தகவல், உங்களில் சிலருக்கு உதவும்.

நவம்பர் 9, திம்பு

வந்துவிட்டோம். தில்லியிலிருந்து வரும்போது இடதுபக்க இருக்கை கேட்டு வாங்குங்கள், எவரெஸ்ட் தெரியும். பாரோவில் இறங்கும்போது விமானம் மலைகளுக்கு நடுவே சாய்ந்து சாய்ந்து வருகிறது. ஜன்னலுக்கு நேரே ஒரு வீட்டு மொட்டைமாடியில் சிவப்பு மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. காரம் தெரியும் அளவுக்குக் கிட்டத்தில். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இன்று காலை வழிகாட்டியை அரைமணி நேரம் காக்கவைத்துவிட்டேன். பூட்டான் நேரம் நமக்கு அரைமணி முன்னால். போன் தானாக மாறிக்கொண்டது, நான் பார்த்தது கைக்கடிகாரத்தை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, குளிரில் நின்று என் மகனுக்குக் கல்லால் குறிபார்த்து எறியக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஊரில் சிக்னல் விளக்கே கிடையாது. நடுச்சந்தியில் சித்திரம் தீட்டிய சின்ன மண்டபம், அதில் வெள்ளைக் கையுறை போட்ட போலீஸ்காரர். ஒருதரம் விளக்கு வைத்துப் பார்த்துவிட்டுக் கழற்றிவிட்டார்களாம்.

நவம்பர் 11, போப்ஜிக்கா

நேற்று டோச்சுலா கணவாய் வழியாக வந்தோம். சுமார் 3,100 மீட்டர். 108 ஸ்தூபிகள். ஞாயிற்றுக்கிழமை வேறு, கூட்டமென்றால் கூட்டம்! கட்டணம் கட்டினால் தனியாக மலையைப் பார்க்கலாம் என்று நினைத்தவர்கள் அங்கே போய்ப் பார்க்கவேண்டும். ஆனால் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. கங்கர் புவென்சும் எதுவென்று வழிகாட்டி விரல் நீட்டிக் காட்டினார். 7,570 மீட்டர், இதுவரை மனிதன் கால் படாத உச்சி. 1994-இல் ஆறாயிரம் மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது என்றார்கள், 2003-இல் மலையேற்றமே வேண்டாம் என்று முடித்துவிட்டார்கள். அங்கே யாருக்கும் அனுமதி கிடையாது. அந்த மலையைப் பார்த்தபிறகு என் 1,200-ஐப் பற்றிப் புலம்புவது கொஞ்சம் சின்னத்தனமாகப் பட்டது. கொஞ்சம்தான்.

இன்று திருவிழா. பள்ளிப் பிள்ளைகள் கொக்கு வேஷம் போட்டு, கறுப்பு வெள்ளைச் சிறகை விரித்து ஆடினார்கள். ஒரு பையனுக்கு அலகு நழுவி மூக்குக்குக் கீழே தொங்கியது, அதோடேயே முழு ஆட்டத்தையும் ஆடி முடித்தான். நிஜக் கொக்குகள் கீழே சதுப்பில். கத்தும்போது பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கிறது.

கொஞ்ச நேரம் பார்த்த பிறகு ஏதோ ஒன்று குறைகிறதே என்று தோன்றியது. மின்கம்பம். இந்தப் பள்ளத்தாக்கில் மின்கம்பி தலைக்கு மேலே இல்லை. கொக்கு மோதிவிடக்கூடாது என்று மண்ணுக்கடியில் போட்டிருக்கிறார்கள்.

குளிர் தாங்கவில்லை. விரல் விறைக்கிறது, மீதி பிறகு.

நவம்பர் 17

வீடு வந்து சேர்ந்தோம். எல்லாரும் தக்த்சாங்கைப் பற்றித்தான் கேட்கிறீர்கள்.

1692-இல் கட்டிய மடம், 1998-இல் தீயில் போய், திரும்பக் கட்டியது. செங்குத்துப் பாறையில் எப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நேரில் பார்த்தும் எனக்குப் புரியவில்லை. அம்மா பாதிவழிவரை குதிரையில் வந்தாள். ஒரு சிற்றுண்டிச்சாலை இருக்கிறது, அதற்குமேல் குதிரை போகாது. இறங்கும்போதும் குதிரை கிடையாது, நடந்துதான் வரவேண்டும், அதை முன்பே தெரிந்துகொண்டு ஏறுங்கள். அம்மா அங்கேயே எதிர்மலையில் மடத்தைப் பார்த்தபடி டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "இங்கேயிருந்தே கோபுர தரிசனம் ஆச்சு, நீங்க போய்ட்டு வாங்க" என்றாள்.

கொடுமை என்னவென்றால், மடத்தின் உயரத்துக்கு ஏறி முடித்தபிறகு, கண்ணெதிரே மடம் இருக்க, நூற்றுக்கணக்கான படி கீழே இறங்கவைத்து, ஒரு அருவியைத் தாண்டவைத்து, மறுபடி ஏறவைப்பார்கள். அக்கா நடுப்படியில் உட்கார்ந்து, "ராத்திரிக்கு நூறு டாலர்! நூறு டாலர் கொடுத்து இந்த வேலை!" என்றாள். பின்னால் வந்த யாரோ ஒருவர் சிரித்தார். தமிழராக இருக்கவேண்டும், அல்லது டாலர் என்ற சொல்லும் முகமும் போதுமாக இருந்திருக்கவேண்டும்.

முன்பு யாருக்கோ போன் கொண்டுபோகவே கூடாது என்று தனியாகச் சொல்லியிருந்தேன். தப்பு. வாசல்வரை கொண்டுபோகலாம், அங்கே பெட்டகத்தில் பையோடு வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே போகவேண்டும். காலணியும் வெளியே. பலகைத் தரை ஐஸ். தடித்த காலுறை போட்டுக்கொள்ளுங்கள். வெண்ணெய் விளக்கு வாசனை, இருட்டு, யார் கையிலும் போன் இல்லாததால் எல்லாரும் சிலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியாக எந்தக் கோயிலில் அப்படிப் பார்த்தேன் என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை.

நவம்பர் 19

சாப்பாடு பற்றிக் கேட்டவருக்கு: சைவத்துக்குக் குறைவே இல்லை. எமா தட்ஷி என்பது மிளகாயைக் காய்கறியாகப் போட்டுப் பாலாடைக்கட்டியில் வேகவைத்தது. காரத்துக்குப் போடுவதில்லை, காயே அதுதான். உருளைக்கிழங்கில் கேவா தட்ஷி, காளானில் ஷமு தட்ஷி. சிவப்பரிசிச் சோறு. ஏழு நாளும் மூன்று வேளையும் அதுவே என்றால் நாலாம் நாள் ரசம் கனவில் வரும். உப்புப் போட்ட வெண்ணெய் டீயை டீ என்று நினைக்காமல் சூப் என்று நினைத்துக் குடித்தால் இறங்கும்.

நவம்பர் 24

செப்டம்பரில் வழிகாட்டியைப் பற்றி எழுதியதைத் திரும்பப் படித்தேன். அழித்துவிடலாமா என்று பார்த்தேன், இருக்கட்டும்.

சண்டை வரவில்லை. கோ என்கிற அந்த அங்கியில் வயிற்றுப் பக்கம் ஒரு பெரிய மடிப்பு இருக்கிறது, அதுதான் சட்டைப்பை. அதிலிருந்து அவர் எடுத்தவை: மகனின் தண்ணீர் பாட்டில், ஒரு பொட்டலம் காய்ந்த பாலாடைக்கட்டி, எங்கள் நால்வருடைய பெர்மிட் காகிதங்கள், புனாகாவில் அம்மா தவறவிட்ட கண்ணாடிக்கூடு. அம்மாவை "அமா லா" என்று கூப்பிட்டார். ட்ஸோங்கா மொழியில் அமா என்றால் அம்மாதான். பேச்சின் கடைசியில் ஒட்டும் 'லா' மரியாதைக்கு, நாம் 'ங்க' போடுவதுபோல. இரண்டாம் நாளிலிருந்து அம்மா அவரிடம் தமிழிலேயே பேச ஆரம்பித்துவிட்டாள், அவர் "லா, லா" என்று தலையாட்டினார். இருவருக்கும் எல்லாம் புரிந்தது.

சோதனைச் சாவடிகளில் நாங்கள் வண்டியைவிட்டு இறங்கவேயில்லை, காகிதம் காட்டுவது அவர் வேலை.

அதற்காக முழுசாக மாறிவிட்டேன் என்று இல்லை. திம்புவில் ஒரு சாயங்காலம் மட்டும் நாங்கள் தனியாகச் சுற்றினோம், அந்த இரண்டு மணிநேரம் வேறு மாதிரி இருந்தது. வழி தவறினோம், ஒரு துணிக்கடையில் பேரம் பேசித் தோற்றோம், ஒரு பாட்டியம்மாவோடு நினைவுச் சோர்ட்டன் என்கிற ஸ்தூபியை வலம்வந்தோம். வழிகாட்டி கூட இருந்திருந்தால் அந்தப் பாட்டி எங்களைப் பார்த்திருக்கவே மாட்டார். ஆகவே என் கட்சி இப்போது: மலைப்பக்கம் வழிகாட்டி வேண்டும், ஊருக்குள் ஒரு சாயங்காலத்தைத் திட்டத்திலேயே காலியாக விடச்சொல்லிக் கேட்டுவாங்குங்கள்.

டிசம்பர் 8

முதல் கேள்விக்கே வருகிறேன், பணக்காரர்கள் மட்டும் வரட்டும் என்பதுதானே என்று கேட்டீர்கள்.

பிப்ரவரியில் இல்லை என்று வாதாடத் தயாராக இருந்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமில்லை. இந்தப் பணம் பள்ளி, மருத்துவம், காடு என்று போகிறதென்று அரசாங்கம் சொல்கிறது. காடு கண்ணுக்குத் தெரிகிறது. நாட்டில் 60 சதவீதம் எப்போதும் காடாகவே இருக்கவேண்டும் என்று 2008 அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம், எங்கள் வழிகாட்டி கோவிட் காலத்தில் மூன்று வருஷம் வேலையில்லாமல் உருளைக்கிழங்கு பயிரிட்டவர். திறந்தபிறகும் 200 டாலர் காலத்தில் ஆள் வராமல் திண்டாடியிருக்கிறார். கூடப் படித்தவர்களில் பாதிப்பேர் ஆஸ்திரேலியாவில் என்றார். "கூட்டம் வேண்டாம்தான், ஆனால் ஆளே இல்லையென்றால் நானும் பெர்த்துக்குத்தான் போகவேண்டும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். ஓட்டல் கட்டினவருக்கும் வண்டி வைத்திருப்பவருக்கும் இதே கதைதான்.

கட்டணத்தால் என் பயணம் சுருங்கியது, அதில் சந்தேகமில்லை. அது இல்லாமல் இருந்திருந்தால் பும்தாங்கையும் சேர்த்து ஓடியிருப்பேன். போப்ஜிக்காவில் இரண்டாவது ராத்திரி தங்கியிருக்கமாட்டேன். இது கட்டணத்தின் நன்மையா என் புத்தியின் குறையா தெரியவில்லை. ஆனால் நாலு பேர் உள்ள வீட்டில், மாதச் சம்பளத்தில் இருந்து இதை எடுத்துவைக்க முடியாதவர் எத்தனையோ பேர். 2017-இல் உங்கள் சித்தப்பா போன மாதிரி அவர்கள் இன்றைக்குப் போகமுடியாது. அதுவும் நிஜம்தான். அக்காவைக் கேட்டால் மறுபடி போவேன் என்கிறாள். அம்மாவைக் கேட்டால் குதிரையை விசாரிக்கிறாள்.

2025 ஜனவரி 12

அப்படியா! சித்தப்பாவையே கூட்டிக்கொண்டு ஏப்ரலில் போகிறீர்களா? நல்ல மாதம், பாரோ ட்ஷேச்சு என்கிற மடத்துத் திருவிழா அந்தப் பக்கம்தான் வரும், தேதி பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் விடிவதற்கு முன் பெரிய துணிச்சித்திரத்தை விரிப்பார்கள், வெயில் படுமுன் சுருட்டிவிடுவார்கள், அதனால் ராத்திரியே எழுந்திருக்கவேண்டும்.

அவர் 2017-இல் காட்டிய அதே வாக்காளர் அட்டைதானா என்று முதலில் பாருங்கள். பெயர், இனிஷியல், போட்டோவில் ஆள் தெரிகிறதா, எல்லாம். அப்புறம் அவருக்கான எஸ்டிஎஃப்பை அவர் கையாலேயே கட்டச்சொல்லுங்கள். அந்த நேரத்து முகத்தை ஒரு போட்டோ எடுத்து இங்கே போடவும்.